ஓட்டு எண்ணி முடிச்ச மிஷின் பெட்டி என்ன ஆகுது? கேளுங்க, சொல்றேன்

நான் சித்தூர் தாலூக் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன் (நம்ம பாலக்காட்டுச் சித்தூருங்க, ஆந்திரா சித்தூர் இல்ல). கவுண்டிங் முடிஞ்சு சீல் வைக்கிற டியூட்டி நெறைய பாத்திருக்கேன்.

கொழிஞ்சாம்பாறையில இருந்து: அண்ணா, ரிசல்ட் சொன்னதும் மிஷினத் தூக்கிட்டுப் போயிடறாங்க, உள்ள இருக்கற ஓட்டு அழிஞ்சிராதா?

அழியாது தம்பி. பேட்டரியக் கழட்டுனாலும் கண்ட்ரோல் யூனிட்ல (ஓட்டெல்லாம் பதிவாகற பெட்டி) அப்படியே நிக்கும், நாமளா கிளியர் பண்ணாத்தான் போகும். எண்ணி முடிச்சதும் ரிட்டர்னிங் ஆபீசர் (தொகுதியோட தேர்தல் அதிகாரி) திரும்ப சீல் வைப்பாரு, வேட்பாளரோ ஏஜென்ட்டோ ஆசப்பட்டா அவங்க முத்திரையும் சேத்து வைக்கலாம்னு 1961 தேர்தல் நடத்தற ரூல்லயே இருக்கு. ஆனா யாரு வைக்கறா? ஜெயிச்சவன் வெடி போடப் போயிருவான், தோத்தவன் அதுக்கு முன்னாடியே வண்டி ஏறிருப்பான், ராத்திரி ஹால்ல நாங்க நாலு பேரு உக்காந்து அரக்க உருக்கிட்டு இருப்போம், வெரல்ல சூடு பட்டதுதான் மிச்சம். மறுநாள் காலைல மட்டும் பெட்டிய மாத்திட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல வரும்.

அதே ஆளு: விவிபேட் சீட்டு?

நாம யாருக்கு ஓட்டுப் போட்டோம்னு அச்சடிச்சுக் காட்டற சீட்டுதான அது, சட்டசபைத் தொகுதிக்கு 5 பூத் குலுக்கல்ல எடுத்து எண்ணுவாங்க, 2019ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. எண்ணாத மிஷின்ல இருக்கற சீட்டையும் வெளிய எடுத்து, கெட்டி கறுப்புப் பேப்பர் கவர்ல போட்டு செவப்பு அரக்கு வைக்கணும். கவர் மேல பூத் நம்பர் சரியா எழுதிருக்கான்னு பாருங்க, பின்னாடி கோர்ட்டு கேட்டா அத வெச்சுத்தான் தேடுவாங்க.

ஆந்திரா நகரியில இருந்து: எத்தன நாளு வெச்சிருப்பாங்கண்ணா? நம்ம திறந்து பாக்கலாமா?

கோர்ட் ஆர்டர் இல்லாம கலெக்டரே திறக்க முடியாதுங்க. ரிசல்ட்ட எதுத்து ஐகோர்ட்டுல கேஸ் போட 45 நாள் டைம், கேஸ் போட்டா அது முடியற வரைக்கும் அந்தத் தொகுதி மிஷின் அசையாது. சீட்டு, தபால் ஓட்டு, 17ஏ ரிஜிஸ்டர் (ஓட்டுப் போட வந்தவங்க கையெழுத்துப் போடற புஸ்தகம்) இதெல்லாம் ஒரு வருஷம். சிசிடிவி பதிவ மட்டும் கேஸ் இல்லன்னா 45 நாளோட அழிக்கலாம்னு 2025 மே மாசம் சொல்லிட்டாங்க, எனக்கு அது புடிக்கல, ஹார்ட் டிஸ்க்கு என்ன சோறா கேக்குது?

திரும்ப நகரி: தோத்தவங்க மிஷின செக் பண்ணச் சொல்லலாமாமே?

ஆமா, 2024 ஏப்ரல் தீர்ப்பு. ரெண்டாவது, மூணாவது வந்தவங்க ரிசல்ட் வந்து 7 நாளுக்குள்ள எழுதிக் குடுத்தா, சட்டசபைத் தொகுதிக்கு 5 சதவீத மிஷினோட சிப்ப அதச் செஞ்ச கம்பெனி இன்ஜினியரு சோதிப்பாரு. செலவு கேட்டவங்க தலையில, தப்பு இருந்தாத் திரும்பக் கிடைக்கும்.

மூணாறுல இருந்து: நாங்க எஸ்டேட்காரங்க, பஞ்சாயத்து எலக்‌ஷனுக்கும் இதேதானாண்ணே?

இல்லப்பா, கேரளாவுல அது மாநில எலக்‌ஷன் கமிஷன் பாக்கறது. ஒரு கண்ட்ரோல் யூனிட்டுக்கு மூணு பேலட் யூனிட் (பட்டன் அமுக்கற பெட்டி), விவிபேட் கெடையாது. வார்டு கேஸ முன்சீஃப் கோர்ட்டுல 30 நாளுக்குள்ள போடணும்.

இன்னொருத்தர்: ஏஜென்ட்டா போறேன், என்ன செய்யணும்?

ஓட்டு முடிஞ்ச அன்னிக்கே 17சி (அந்த பூத்துல பதிவான ஓட்டுக் கணக்கு) காப்பி வாங்கி வெச்சுக்குங்க, கவுண்டிங்ல கண்ட்ரோல் யூனிட் நம்பரையும் மொத்த ஓட்டையும் அதோட ஒத்துப் பாருங்க. அப்புறம், சாப்புட்டுட்டுப் போங்க, சீல் வைக்க நடுராத்திரி ஆயிரும்.