பின் பக்கம் போகப் போக ஏபிஐ ஏன் ஸ்லோ ஆகுது? ஆஃப்செட்டை விட்டுட்டு கர்சருக்கு மாறுங்க

5 லட்சம் ரோ (வரிசை, அதாவது ஒவ்வொரு பதிவு) இருக்கிற டேபிள், பக்கத்துக்கு 50, முதல் சில பக்கம் டக்டக்னு வருது ஆனா 8,001-வது பக்கம் கேட்டா ஏபிஐ (கேட்ட டேட்டாவை ஆப்புக்கு எடுத்துக் குடுக்கிற ப்ரோக்ராம்) திணறுது, இன்டெக்ஸும் (ரோவை சீக்கிரம் தேடிப் பிடிக்க டேட்டாபேஸ் வச்சிருக்கிற அட்டவணை) போட்டாச்சு, அப்புறம் ஏன்னு கேட்டிருக்கீங்க. இன்டெக்ஸ் மேல தப்பில்ல. ஆஃப்செட் 4,00,000 லிமிட் 50ன்னு, அதாவது முதல் 4 லட்சத்தை விட்டுட்டு அடுத்த 50 குடுன்னு சொன்னா டேட்டாபேஸ் நேரா அந்த இடத்துக்குத் தாவிப் போகாது, முதல்ல இருந்து ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே போய் அந்த 4 லட்சத்தையும் கழிச்சுட்டு அதுக்கப்புறம் வர்ற 50-ஐத்தான் குடுக்கும். எலாஸ்டிக்சர்ச்ங்கிற தேடல் சாஃப்ட்வேர்ல எல்லாம் 10,000 ரிசல்ட் தாண்டி இப்படி கேட்டா டீஃபால்ட்டா எரரே வந்துடும்.

ஆனா ஸ்லோ ஆகுறதைவிட பெரிய பிரச்சனை, டேட்டா சத்தமில்லாம விட்டுப்போறது. நான் முன்னாடி வேலை பாத்த இடத்துல தானா ஓடுற ஒரு ஜாப் (ப்ரோக்ராம்) எழுதியிருந்தேன், பென்டிங்ல இருக்கிற ரெக்கார்டை 100 100-ஆ எடுக்கும், ப்ராசஸ் பண்ணி முடிஞ்சதுன்னு மார்க் பண்ணும், அடுத்த பக்கம் போகும். 1,000 இருந்தா 500தான் முடியும்! ஏன்னா முதல் 100 முடிஞ்சதும் அது பென்டிங் லிஸ்ட்லயே இல்ல, மிச்சம் 900 மேல ஏறி வந்துடுச்சு, நான் ஆஃப்செட் 100ன்னு கேக்குறப்ப புதுசா மேல வந்த 100-ஐ அப்படியே தாண்டிப் போயிடுறேன், ஒவ்வொரு பக்கத்துலயும் இதே கதை. எரர் ஒண்ணும் வராது, லாக் சுத்தமா இருக்கும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

அதனால கர்சருக்கு மாறுங்க. "எத்தனாவது பக்கம்"னு கேக்காம "நான் கடைசியா பாத்த ரோ இது, இதுக்கு அடுத்த 50 குடு"ன்னு கேக்குறது, அவ்ளோதான். இன்டெக்ஸ் வழியா நேரா அந்த இடத்துக்குப் போயிடும், முதல் பக்கத்துக்கும் கடைசி பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனா தேதியை மட்டும் வச்சு சார்ட் பண்ணாதீங்க, ஒரே நொடியில ரெண்டு மூணு ரோ விழுந்தா பக்கம் மாறுற இடத்துல ஒண்ணு காணாமப் போகும். தேதியோட ஐடியையும் சேத்து சார்ட் பண்ணுங்க, கம்பேர் பண்றதும் ரெண்டையும் சேத்து, இன்டெக்ஸும் டேபிளோட அதே ரெண்டு காலம்ல (column). அந்தத் தேதி உருவான தேதியா இருக்கட்டும், அப்டேட் ஆன தேதியை வச்சா ரோ நடுவுல இடம் மாறிக்கிட்டே இருக்கும், கர்சர் இருந்தும் புண்ணியமில்ல.

அடுத்த பக்கம் இருக்கான்னு தெரிய 50-க்கு பதிலா 51 எடுங்க, 51-வது வந்தா இருக்குன்னு அர்த்தம், அந்த 51-வதை மட்டும் விட்டுட்டு மிச்சம் 50-ஐ அனுப்புங்க. ஒவ்வொரு தடவையும் மொத்த கவுன்ட் எடுக்கிறதை விட்டுடுங்க, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல அது நெஜமாவே உக்காந்து எண்ணும். லிமிட்டுக்கு சர்வர்லயே ஒரு உச்சவரம்பு வைங்க, கோட் வச்சுக்கிற தளமான கிட்ஹப்போட ரெஸ்ட் ஏபிஐ நெறைய இடத்துல டீஃபால்ட் 30, அதிகபட்சம் 100, அது நல்ல அளவு.

கர்சர்ல 37-வது பக்கத்துக்கு நேரா தாவ முடியாது, அது உண்மை. சில ஆயிரம் ரோ மட்டும் இருக்கிற அட்மின் ஸ்க்ரீனுக்கு பக்க நம்பர் வேணும்னா அங்க ஆஃப்செட்டே இருக்கட்டும், நான் இப்பவும் அப்படித்தான் வச்சிருக்கேன். உங்க 5 லட்சம் ரோ டேபிளுக்கு மட்டும் வேணாம்.