உங்களுக்கு மிகவும் பிடித்த தமிழ்ப் பின்னணிப் பாடகர் யார், ஏன்?

ஸ்வர்ணலதா. எனக்கு யோசிக்கவே தேவையில்லாத கேள்வி இது. ஜானகியம்மா, சித்ரா பாட்டுகளையும் நாள் முழுக்கக் கேட்பேன், ஆனால் செய்துகொண்டிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார வைக்கிற குரல் என்றால் அது இவருடையதுதான்.

ஏன் என்று கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சோகப் பாட்டு என்றால் விசும்பல், காதல் பாட்டு என்றால் கொஞ்சல் என்று குரலை நடிக்கவிடுகிற வழக்கம் அவரிடம் கிடையாது. சுருதியில் நேராக நின்று, சொல்லைத் தெளிவாகப் பாடிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார், தொண்டை அடைப்பது கேட்கிற நமக்குத்தான்.

'மாலையில் யாரோ மனதோடு பேச' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் வந்த சத்ரியன், இளையராஜா இசை, சுத்த தன்யாசி ராகத்தில் போட்ட மெட்டு. பல்லவியில் 'தேகம் பூத்ததே' என்று முடிந்ததும் ஒரு 'ஓ' வரும் பாருங்கள், அதை அவர் நீட்டி முழக்குவதே இல்லை. மனதில் காதல் வந்துவிட்டதை அந்தப் பெண் அப்போதுதான் கண்டுபிடித்து, வெளியே தெரிந்துவிடுமோ என்று பாதியில் அடக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். அடுத்த வருடம் வந்த என் ராசாவின் மனசிலே படத்தில் 'குயில் பாட்டு ஓ வந்ததென்ன இளமானே'. இதிலும் பல்லவியிலேயே ஒரு 'ஓ' உண்டு, அதே இளையராஜா, அதே ஸ்வர்ணலதா, ஆனால் இது துள்ளிக்கொண்டு வெளியே வருகிற 'ஓ', எதையும் யாரிடமும் மறைக்க வேண்டியதில்லாத ஒரு பெண்ணின் சந்தோஷம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், ஓர் எழுத்துக்குள் எவ்வளவு செய்திருக்கிறார் என்று தெரியும். மேடைகளில் 'மாலையில் யாரோ' பாடுகிறவர்கள் அந்த இடத்தில் கூடுதலாக நாலு சங்கதி, அதாவது குரலை வளைத்து வளைத்துப் பாடும் அலங்காரம், போட்டு நிரப்பும்போது எனக்கு மனசே ஒப்புவதில்லை.

அவருடைய ஆரம்பமே வியப்பானது. 1987இல் நீதிக்குத் தண்டனை படத்துக்காக எம்.எஸ்.வி. இசையில் யேசுதாஸோடு பாடிய பாரதியாரின் 'சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா'. அப்போது அவருக்கு 14 வயதுதான் இருக்கும். பிள்ளையைக் கொஞ்சும் பாட்டை, தானே பிள்ளையாக இருந்த ஒருவர் அத்தனை நிதானமாகப் பாடியிருக்கிறார்.

அப்புறம், அவரைச் 'சோகப் பாட்டுப் பாடகி' என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். தளபதியில் எஸ்பிபியோடு 'ராக்கம்மா கையத் தட்டு', கேப்டன் பிரபாகரனில் 'ஆட்டமா தேரோட்டமா', காதலனில் மனோவோடு 'முக்காலா முக்காபுலா' எல்லாம் பாடியது யார்? கடைசியாகச் சொன்னதைப் பாடுகிற குரலும் 'மாலையில் யாரோ' குரலும் ஒருவருடையது என்று பாடகர் பெயரைப் பார்க்காமல் யாராவது சொன்னால் ஆச்சரியம்தான்.

சரி, சோகத்துக்கே வருவோம். கருத்தம்மாவின் 'போறாளே பொன்னுத்தாயி'. 1994, ஏ.ஆர். ரஹ்மான் இசை, வைரமுத்து வரிகள், ஸ்வர்ணலதாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டு. அந்தப் படத்தில் இந்த மெட்டு இரண்டு முறை வரும். உன்னி மேனனும் சுஜாதாவும் பாடியது மகிழ்ச்சியான வடிவம், அதுவும் நல்ல பாட்டுதான். அதே மெட்டை ஸ்வர்ணலதா கையில் கொடுத்ததும் வேகம் குறைகிறது, வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்கின்றன, குரல் மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது வரிகளுக்கு நடுவே அவர் விடுகிற இடைவெளி. அவசரமே இல்லை. ஒரு வரியின் கனம் இறங்கி முடிந்த பிறகுதான் அடுத்த வரியைத் தொடுகிறார். ஒப்பாரியாக்கி ஊரையே அழ வைக்க இடமிருந்த பாட்டு அது, ஆனால் ஓரிடத்தில்கூட அவர் குரலை உடைக்கவில்லை. பெண் சிசுக் கொலையைப் பேசிய படத்துக்கு அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு பொருத்தம் என்பது ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்குப் புதிதாக உறைக்கும்.

2000இல் வந்த அலைபாயுதே படத்தின் 'எவனோ ஒருவன் வாசிக்கிறான்' பாட்டிலும் இதே குணம்தான். 'யாசிக்கிறேன்' என்று ஒரு சொல் வருகிறது, கெஞ்சுவதற்கு வாய்ப்பான சொல், அவர் கெஞ்சவில்லை. கேட்கத் தனக்கு உரிமை இருக்கிறது என்பதுபோல் கேட்கிறார்.

2010 செப்டம்பரில் காலமானபோது வயது 37. 'ஹம்மிங் குயின்' என்று ரசிகர்கள் பெயர் வைத்துக் கொண்டாடுகிறோம், ஆனால் உயிரோடு இருந்தபோது அவரை இன்னும் நிறையப் பாட வைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. அதுவும் 2000க்குப் பிறகு அவர் குரல் நம் காதில் விழுவதே எவ்வளவு குறைந்துபோனது!

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் கருத்தம்மாவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அது கொஞ்சம் பாரம். 'குயில் பாட்டு', 'மாலையில் யாரோ', பிறகு சின்னத்தம்பியின் 'நீ எங்கே என் அன்பே' என்று போங்கள். வள்ளி படத்தின் 'என்னுள்ளே என்னுள்ளே'வை மட்டும் கூட்டத்தோடு கேட்க வேண்டாம், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.