130 மி.லி. மிச்சம்: ஆபரேஷன் வரை போகுமா?

கேள்வி: எனக்கு வயது 68. இரண்டு வருடம் முன்பு எடுத்த ஸ்கேனில், சிறுநீர் போன பிறகும் சிறுநீர்ப்பையில் 40 மி.லி. மிச்சம் என்று இருந்தது. இப்போது 130. இரவில் இரண்டு முறை எழுகிறேன், மற்றபடி தொந்தரவு இல்லை. ஆபரேஷன் தேவைப்படுமா?

பதில்: இந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். அந்த 130 நிஜமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஸ்கேனுக்கு முன் தண்ணீராகக் குடிக்கவைத்து, ‘இன்னும் நிறையவில்லை’ என்று உட்காரவைத்து, நெளியும் நிலையில்தானே கூப்பிட்டார்கள்? அளவுக்கு மீறி நிரம்பிய பை ஒழுங்காகச் சுருங்காது. கதவுக்கு வெளியே ஆள் நிற்க, அவசரமாகப் போய்விட்டு வந்தால் மிச்சம் கூடத்தான் காட்டும். வழக்கமான அளவு முட்டும்போது நிதானமாகப் போய்விட்டு, இன்னொரு நாள் திரும்ப அளந்து பாருங்கள்.

அப்போதும் 100-க்கு மேலேயே இருந்தால் காரணம் தேட வேண்டும். ஆண்களுக்குச் சிறுநீர்க்குழாயைச் சுற்றியிருக்கும் புராஸ்டேட் சுரப்பி வயதோடு பெருத்து வழியை நெருக்குகிறது. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளிப் பையின் தசை முதலில் தடிக்கும், பல வருடம் கழித்துச் சோர்ந்துபோகும். சர்க்கரை நோய் இருந்தால் நரம்பும் மந்தமாகி, பை நிரம்பியதே தெரியாது. அதனால் முக்கிக்கொண்டு வருகிறவரை விட, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று 500 மி.லி.யைச் சுமந்துகொண்டு வருகிறவரைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. தூக்கத்தில் தன்னை அறியாமல் துணி நனைவது அப்படிப்பட்ட ஒரு அறிகுறி. நிரம்பிய தொட்டி வழிகிறது, அவ்வளவுதான். வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரகத்தையே அழுத்திக் கெடுக்கும் நிலை அது.

ஆகவே சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் அளவு), சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று ஸ்கேன், இவை மூன்றும் பாருங்கள். எல்லாம் சரி என்றால் வீட்டிலேயே ஒரு பழக்கம்: உட்கார்ந்தபடி போய், அரை நிமிடம் பொறுத்து, இன்னொரு முறை முயலுங்கள். மலச்சிக்கலைச் சேரவிடாதீர்கள். மருந்து தேவைப்பட்டால் பெரும்பாலும் நெருக்கும் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசினில் தொடங்குவார்கள். சில நாளில் பலன் தெரியும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். கண்புரை ஆபரேஷன் திட்டம் இருந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே கண் டாக்டரிடம் சொல்லுங்கள். புராஸ்டேட் ரொம்பப் பெரிதாக இருந்தால் அதைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு சேர்ப்பார்கள். அது வேலை செய்ய ஆறு மாதமாவது ஆகும்.

அடிக்கடி கிருமித் தொற்று, பையில் கல், நிற்காத ரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, அடைத்துக்கொண்டு டியூப் போட்டு அதை எடுக்க முடியாத நிலை, மருந்துக்கும் அடங்காத தொந்தரவு, இப்படி ஏதாவது வந்தால்தான் ஆபரேஷன் பேச்சு.

அப்புறம், சளிக்கு மருந்துக்கடையில் நீங்களே மாத்திரை வாங்காதீர்கள். மூக்கடைப்பு, அலர்ஜி மாத்திரைகள் பலவும் இருக்கிற நெருக்கத்தை முழு அடைப்பாக்கிவிடும். ஒரு சொட்டும் வராமல் அடிவயிறு முட்டினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.