கிறிஸ்மஸ் பாதாம் குக்கீ ஏன் உடைகிறது?

கேள்வி: கிறிஸ்மஸ் விடுமுறைக்காக வீட்டிலேயே பாதாம் குக்கீ சுட்டேன். முதல் முறை கையில் எடுக்கும்போதே உடைந்து தூளாகிவிட்டது. அடுத்த முறை ஒரு முட்டையும் சிறிது பாலும் சேர்த்தேன், கல்லைப்போல் ஆகிவிட்டது. எங்கே தவறு செய்கிறேன்? ஊரில் இருப்பவர்களுக்கும் இதை அனுப்பிவைக்க முடியுமா?

பதில்: இரண்டாவது முறை நீங்கள் செய்த திருத்தம்தான் தவறு. முதல் முறை செய்தது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். எடுத்த நேரம் மட்டும் தவறியிருக்கிறது.

நான் ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறேன். இங்கே டிசம்பர் பிறந்தால் வீடுகளில் சுடப்படும் பாதாம் பிஸ்கட்டுகளில் முதலிடம் பெறுவது ‘வனிலாகிப்ஃபெர்ல்’ என்னும் பிறை வடிவப் பிஸ்கட். எனக்கு அதைக் கற்றுத்தந்தவர் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வசித்த ஒரு மூதாட்டி. இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவில் பிறந்து, போருக்குப் பின் சிறுமியாக இங்கே வந்து சேர்ந்தவர். ஒஸ்திரியா, செக், ஹங்கேரி என்று பழைய ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சிக்குட்பட்ட நாடுகள் எங்கும் இந்தப் பிஸ்கட் வெவ்வேறு பெயர்களில் உண்டு என்பதை அவரிடமிருந்தே அறிந்தேன். 1683இல் வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கியர் தோற்றதன் நினைவாகவே பிறை வடிவம் வந்தது என்று பலரும் சொல்வார்கள். அது சுவையான கதை மட்டுமே. அந்த முற்றுகைக்கு முன்பே ‘கிப்ஃபெர்ல்’ என்ற வளைந்த ரொட்டி அங்கே இருந்தது.

அளவு இதுதான்: கோதுமை மா (மைதா) 280 கிராம், உப்பில்லாத பட்டர் 210 கிராம், தோல் நீக்கி அரைத்த பாதாம் 100 கிராம், ஐசிங் சீனி 80 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. இதில் ஏறத்தாழ அறுபது பிறைகள் கிடைக்கும். முட்டை இல்லை, பால் இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை. ஜேர்மன் வீடுகளில் மஞ்சள் கரு சேர்ப்பவர்களும் உண்டு; ஆனால் முட்டையில்லாத வியன்னா முறைதான் வாயில் கரையும் என்பது என் முடிவு. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் உண்ணும் எங்கள் வீட்டுக்கு அது வசதியாகவும் அமைந்தது.

மாவில் உள்ள புரதம் ஈரத்தோடு சேர்ந்து பிசையப்படும்போதுதான் பசைபோன்ற வலைப்பின்னல் உருவாகிறது. ரொட்டிக்கு அது வேண்டும்; இந்தப் பிஸ்கட்டுக்கு அதுவே பகை. பட்டரின் கொழுப்பு மாத்துகள்களைச் சுற்றிப் போர்த்துக்கொண்டு அந்த வலையைப் பின்னவிடாமல் தடுக்கிறது. எடையில் பாதியளவு கொழுப்பாகவே இருக்கும் பாதாமும், பின்னுவதற்குரிய புரதம் எதுவும் தன்னிடம் இல்லாததால், அதே வேலையைச் செய்கிறது. நீங்கள் பாலை ஊற்றியபோது மாவுக்கு வேண்டிய ஈரத்தை நீங்களே கொடுத்தீர்கள். முட்டையின் வெள்ளைக் கரு சூட்டில் இறுகி மீதி வேலையை முடித்தது. ஆகவே, உடைகிறது என்பதற்காக எதையாவது ஊற்றி ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். உதிர்வது இந்தப் பண்டத்தின் குணம். முழுதாகத் தட்டில் வந்து, வாய்க்குள் போன பின்பு உதிர்ந்தால் போதும்.

பாதாமைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் முதல் தோல்வி அங்கேதான் நேர்ந்தது. கடையில் கிடைக்கும் தூளை விட வீட்டில் அரைப்பதற்கு மணம் அதிகம் என்று கேள்விப்பட்டு, பாதாமைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டுத் தோலைப் பிதுக்கி எடுத்து, துணியில் ஒற்றிய கையோடு மிக்ஸியில் போட்டு ஓடவிட்டேன். தூள் வரவில்லை, சட்னி வந்தது. அதையும் வீணாக்க மனமில்லாமல் மாவில் சேர்க்க, பிறைகள் ஓவனுக்குள் அப்பளம்போலப் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உரித்த பாதாமை ஒரு தட்டில் பரப்பி, 100 பாகை செல்சியஸில் இருபது நிமிடம் வரை உலரவிட்டு, முழுதாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். அரைக்கும்போதும் மிக்ஸியைத் தொடர்ந்து ஓடவிடாமல் விட்டுவிட்டுச் சுழற்ற வேண்டும். அளந்து வைத்த மாவில் இரண்டு மேசைக்கரண்டியை எடுத்து அதனுடன் சேர்த்தால், கசியும் எண்ணெயை மா உறிஞ்சிக்கொண்டு தூள் தூளாகவே இருக்கும். இட்லிப் பொடி அரைத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் உடனே பிடிபட்டுவிடும்.

பட்டர் குளிர்ந்திருக்க வேண்டும். சிறு துண்டுகளாக வெட்டி, மா, பாதாம், சீனி எல்லாவற்றுடனும் விரல் நுனிகளால் உதிர்த்து, பின்பு ஒன்றாகத் திரண்டதும் நிறுத்திவிடுங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால், கையின் சூட்டில் பட்டர் உருகி மா எண்ணெய்ப் பளபளப்பு காட்டத் தொடங்கும். அந்தப் பளபளப்பைக் கண்டால் மேலும் மா தூவாதீர்கள்; மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே மருந்து. எப்படியும் ஒரு மணி நேரம் அங்கே இருக்கத்தான் வேண்டும். பிறகு ஒரு பகுதியை மட்டும் வெளியே எடுத்து, பெருவிரல் பருமனில் கயிறாகத் திரித்து, துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் நடுவில் சற்றுத் தடித்து முனைகளில் மெலிந்து வரும்படி உருட்டி வளைக்க வேண்டும். முனைகளை ஊசிபோல் கூர்மையாக்கினால் நடு வேகும் முன் அவை கருகிவிடும். தட்டில் அடுக்கிய பின்னும் ஒரு பத்து நிமிடம் குளிரில் வைத்தால் வடிவம் கலையாது. சென்னையிலோ கொழும்பிலோ இருந்து செய்பவர்கள் இந்தப் பத்து நிமிடத்தை இருபதாக்கிக்கொள்ளுங்கள்.

ஓவன் 175 பாகை, விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் 160. நேரம் பன்னிரண்டு முதல் பதினான்கு நிமிடம். மேல்புறம் வெளிறியபடியே இருக்க, முனைகளில் மட்டும் இளமஞ்சள் படரத் தொடங்கும்போது எடுத்துவிட வேண்டும். எல்லாம் பொன்னிறமாகட்டும் என்று காத்திருந்தால் பாதாமின் மணம் போய் வறுத்த மாவின் மணமே நிற்கும்.

உங்கள் முதல் தட்டு உடைந்தது இதற்கு அடுத்த கட்டத்தில்தான் என்று ஊகிக்கிறேன். ஓவனிலிருந்து வந்த கணத்தில் உள்ளே இருக்கும் பட்டர் முழுவதும் திரவமாக இருக்கிறது. மாத்துகள்களைப் பிடித்து வைக்க எதுவும் இல்லாததால், அப்போது தொட்டால் ஈர மணற்கோட்டையைத் தொட்டதுபோல் சரியும். முழுதாக ஆறிய பின் எடுத்தால் உடையாது, ஆனால் மேலே தூவும் வனிலாச் சீனி ஒட்டாமல் உதிர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே இரண்டு அல்லது மூன்று நிமிடப் பொழுதுதான் கிடைக்கிறது. தட்டை அடுப்பிலிருந்து எடுத்து அப்படியே வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அந்த மூதாட்டி இந்த இடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். என்னையும் உட்காரச் சொல்வார். பிறகு பேக்கிங் தாளோடு சேர்த்துப் பிஸ்கட்டுகளை மேசைக்கு இழுத்து, 100 கிராம் ஐசிங் சீனியும் மூன்று மேசைக்கரண்டி வனிலாச் சீனியும் கலந்த கலவையைச் சல்லடையால் தாராளமாகத் தூவி, ஒவ்வொன்றையும் இரு விரல்களால் மெல்லப் புரட்டி, அடுத்த பக்கத்துக்கும் தூவ வேண்டும். கிண்ணத்தில் போட்டுப் பிரட்டுபவர்களும் உண்டு. எனக்கு அந்தத் துணிவு வந்ததில்லை.

வனிலாவைப் பொறுத்தவரை, இங்கே கடையில் 8 கிராம் பொட்டலங்களாக இரண்டு வகைகள் அருகருகே இருக்கும்: ஒன்று வனிலாக் காயிலிருந்து செய்த சீனி, மற்றது வனிலின் என்னும் செயற்கைச் சேர்மம் கலந்தது. அந்தச் சேர்மத்தை 1874இல் உருவாக்கியவர்கள் ஃபெர்டினாண்ட் டீமனும் வில்ஹெல்ம் ஹார்மனும். ஹோல்ட்ஸ்மிண்டன் என்ற சிறு ஜேர்மன் ஊரில் அதன் உற்பத்தி தொடங்கியது. மலிவானதை நான் குறை சொல்ல மாட்டேன், மாவுக்குள் போடுவதற்கு அது போதும். மேலே தூவுவதற்கு மட்டும், விதையைச் சுரண்டி எடுத்த காயின் வெற்றுத் தோலைச் சீனிப் போத்தலுக்குள் சொருகி இரண்டு வாரம் மூடிவைத்து அதைப் பயன்படுத்துங்கள்; பிஸ்கட்டில் நாக்கு முதலில் தொடும் இடம் அதுவல்லவா.

இனி, ஊருக்கு அனுப்புவது. ஒருமுறை யாழ்ப்பாணத்தில் இருக்கும் சின்னம்மாவுக்கு ஒரு பெட்டி நிறையப் பிறைகளை அடுக்கி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில், “பிள்ளை, நீ அனுப்பின மா வந்தது. அதைப் புட்டுக்குக் குழைக்கிறதோ, பாலிலை கரைச்சுக் குடிக்கிறதோ?” என்று கேட்டார். அன்றிலிருந்து கடல் கடந்து போகும் பொதிக்கு நான் சுடுவது ‘சிம்ட்ஷ்டெர்ன்’ என்னும் கறுவா (இலவங்கப்பட்டை) நட்சத்திரம். இதில் பட்டரும் இல்லை, மாவும் இல்லை. மூன்று முட்டைகளின் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, 250 கிராம் ஐசிங் சீனி சேர்த்து, அதில் ஐந்து மேசைக்கரண்டியை மேற்பூச்சுக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியில் தோலோடு அரைத்த பாதாம் 350 கிராமும் கறுவாத் தூள் இரண்டு தேக்கரண்டியும் கலந்து, ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் உருட்டி, நட்சத்திரமாக வெட்டி, மேலே பூசி, பூச்சு வெண்மை மாறாதபடி 150 பாகையில் பன்னிரண்டு நிமிடம் வைக்க வேண்டும். கடையில் விற்கும் கறுவா நட்சத்திரத்துக்குக்கூடக் குறைந்தது 25 சதவீதம் பாதாம், அதிகபட்சம் 10 சதவீதம் மா என்று ஜேர்மன் உணவு வழிகாட்டு நெறிகள் எல்லை வகுத்திருக்கின்றன.

கறுவாவைக் கவனித்து வாங்குங்கள். ‘காசியா’ எனப்படும் தடித்த, முரட்டுப் பட்டையில் குமரின் என்ற பொருள் மிகுதி; அளவு மீறினால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கக்கூடியது. 2006இல் இங்கே கறுவா நட்சத்திரங்களைப் பற்றி எழுந்த கவலையே அதுதான். இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் பண்டிகைக்காலக் கறுவாப் பலகாரங்களுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் குமரின் என்ற உச்சவரம்பு இருக்கிறது. காலி, மாத்தறைப் பக்கம் விளையும் இலங்கைக் கறுவாவில், மெல்லிய தாள்களைச் சுருட்டியதுபோல் இருக்குமே அதில், குமரின் மிகக் குறைவு. சுட்டுச் சின்னம்மாவுக்கு அனுப்பும்போது அவர் நாட்டுப் பட்டையே அவரிடம் திரும்பிப் போகிறது என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

வைக்கும் முறை இரண்டுக்கும் வேறு. பிறைகளைத் தகரப் பெட்டியில், அடுக்குக்கு அடுக்கு பேக்கிங் தாள் இட்டு, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சுட்ட அன்றைவிட ஒரு வாரம் கழித்து இன்னும் மென்மையாக இருக்கும், ஆகையால் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் சுடுவது கிறிஸ்மஸுக்குச் சரியாக வரும். நட்சத்திரங்களுக்குத் தனிப் பெட்டி வேண்டும், ஏனெனில் கறுவா மணம் வனிலாவை விழுங்கிவிடும். அவை நாளாக ஆக இறுகுபவை. பெட்டிக்குள் ஓர் ஆப்பிள் துண்டு வைத்தால் மறுபடி இளகும், துண்டை மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தபால் பொதிக்குள் ஆப்பிளை வைக்காதீர்கள், வழியில் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டி போய்ச் சேர்ந்த பின் அங்கே இருப்பவர்களே வைத்துக்கொள்ளட்டும்.