சோளமா, மக்காச்சோளமா? ரோஸ்லின் கட்டுரை பற்றிக் கேள்வி பதில்

ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே ரோஸ்லின் என்று ஒரு கிராமம். அங்கே வில்லியம் சின்கிளேர் என்ற பிரபு 1446இல் தொடங்கிய சிற்றாலயத்தில் சிற்பம் இல்லாத கல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதைப் பற்றி விக்கிப்பீடியாவுக்காக எழுதிய தமிழ் வரைவு என் மணல்தொட்டியில் (பயனர் எழுதிப் பழகும் சோதனைப் பக்கம்) கிடக்கிறது. திருத்த முன்வந்த புதிய பயனர்கள் கேட்டவை இவை.

கே: ஆங்கிலத்தில் பலபேர் சரிபார்த்த கட்டுரைதானே அக்கா, அப்படியே மொழிபெயர்த்தால் போதாதா?

ப: நானும் அப்படித்தான் நினைத்தேன். ‘சன்னல் வளைவு ஒன்றில் சோளக்கதிர் செதுக்கப்பட்டுள்ளது, கொலம்பசுக்கு முன்பே சின்கிளேர் குடும்பத்தார் அமெரிக்கா போனதற்கு அதுவே சான்று என்பர்’ என்று எழுதி வைத்திருந்தேன். விவசாயக் குடும்பத்துப் பயனர் ஒருவர் உரையாடல் பக்கத்தில் கேட்டார்: “சோளம் எங்க காட்டுலயே விளையுதே, அதுக்கு எதுக்குங்க அமெரிக்கா போகணும்?” எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்தது மக்காச்சோளம். நம் சோளம் ஆப்பிரிக்காவிலிருந்து எப்போதோ வந்துவிட்ட பயிர். ஒரு சொல் பிசகியதில் அந்த வாதத்துக்கே பொருள் இல்லாமல் போயிற்று.

வாதம் நிற்குமா என்பது வேறு கதை. கொலம்பசு போனது 1492இல். வில்லியம் இறந்தது 1484இல். அதனால் வில்லியமின் தாத்தா ஹென்றி முன்பே கடல் கடந்து போய்ப் பார்த்து வந்தார் என்கிறார்கள். சிற்பங்களைப் பார்த்த தாவரவியலாளர்களோ, அவை அழகுக்காக வடிவமைத்த இலைகள், இன்ன செடி என்று அடித்துச் சொல்ல முடியாது என்கிறார்கள். இரண்டையும் எழுதலாம். ஆனால் ‘என்பர்’ என்று மொட்டையாக விடக்கூடாது. யார் என்பர்? அந்த ஆளின் பெயர் வாக்கியத்துக்குள் வந்தாக வேண்டும்.

கே: சீடன் தூண் கதையை ஏன் வெட்டினீர்கள்? எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

ப: வெட்டவில்லை, இடம் மாற்றினேன். கதை தெரியாதவர்களுக்கு: தலைமைச் சிற்பி ஒரு தூணுக்கு மாதிரி பார்க்க வெளிநாடு போகிறார். அதற்குள் சீடன் கனவில் கண்டபடி தூணைச் செதுக்கி முடித்துவிடுகிறான். திரும்பி வந்த குரு பொறாமையில் கொட்டாப்புளியால் அவன் தலையில் அடித்துக் கொன்றுவிடுகிறார். நெற்றியில் காயத்தோடு ஒரு கல்முகம் மேலே இருக்கிறது. அதைச் சீடன் என்று காட்டுகிறார்கள். பேலூரில் சக்கணாச்சாரியின் பிழையை அவர் மகனே கண்டுபிடித்த கதையைக் கேட்டவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

வரைவில் இது ‘கட்டுமானம்’ என்ற பகுதியில், 1446க்கும் 1484க்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. அங்கே இருந்தால் நடந்த கொலை மாதிரி ஆகிவிடும். ‘தொன்மங்கள்’ என்று தனிப் பகுதி போட்டு அங்கே வைத்தேன். தூண் எங்கே, எப்படி இருக்கிறது என்பது மட்டும் ‘கட்டடக்கலை’யில்.

கே: சிலுவைப்போர்க் காலத் துறவி வீரர்களான டெம்ப்ளர்கள் அங்கே புதையல் ஒளித்தார்கள் என்பார்களே, அது பற்றி ஒரு வரிகூட இல்லையே?

ப: இருக்கிறது, பிற்பகுதியில். இந்தச் சிற்றாலயம் இடம்பெறும் டான் பிரவுனின் டாவின்சி கோட் நாவல் 2003இல் வந்த பிறகு கூட்டம் பெருகியது உண்மை, அதையும் எழுதியிருக்கிறோம். ஆனால் திருத்தந்தை டெம்ப்ளர் சபையைக் கலைத்தது 1312இல். சிற்றாலயம் அதற்கு 134 ஆண்டு பிந்தியது. அதுமட்டுமல்ல, 1309இல் எடின்பரோவில் டெம்ப்ளர்களை விசாரித்தபோது சின்கிளேர் குடும்பத்தார் அவர்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொன்னார்கள்.

கே: இலத்தீன் கல்வெட்டு பற்றிய வரியை ஒருவர் நீக்கியிருக்கிறார். மீளமைக்கலாமா?

ப: முதலில் அவர் ஏன் நீக்கினார் என்று பாருங்கள். ‘திராட்சரசம் வலிது, அரசன் அதனினும் வலியன், பெண்கள் இன்னும் வலியர், உண்மை எல்லாவற்றையும் வெல்லும்’ என்பது கல்வெட்டு. வரைவில் ‘எஸ்றா நூலிலிருந்து’ என்று இருந்தது. அவர் வேதாகமத்தை எடுத்து எஸ்றாவை முழுக்கப் படித்திருக்கிறார் பாவம், அங்கே இல்லை. மூலம் எஸ்திராஸ் முதல் நூல். அது நம் கையிலுள்ள வேதாகமத்தின் எஸ்றா அல்ல, தள்ளுபடி ஆகமங்களில், அதாவது வேதாகமத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய நூல்களில் வருவது. தரியு அரசனின் மெய்க்காவலர் மூவர், எது வலிது என்று போட்டி போடும் இடம். நூற்பெயரைத் திருத்தி வரியைச் சேர்த்துவிட்டேன், அவருக்கு நன்றியும் சொன்னேன். சண்டை வந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: ஆங்கில விக்கியில் 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தை மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை விழும். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் விழும்.

கே: இலை முகங்களைக் கீர்த்திமுகத்தோடு (கோயில் தோரண உச்சியில் வரும் சிங்கமுகம்) ஒப்பிட்டு எழுதினேன். அதையும் எடுத்துவிட்டீர்களே மேடம்?

ப: ஒப்பீடு அழகுதான். வாயிலிருந்து கொடி கிளம்பும் முகங்கள் அங்கே நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பார்த்ததும் எனக்கும் நம் கோயில் தோரணம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் அது உங்கள் கண்டுபிடிப்பு. வேறு யாராவது ஆய்ந்து அச்சிட்டிருந்தால் சேர்ப்போம்.

கே: ‘தற்போது’ என்ற சொல்லைப் பார்த்தாலே அடிக்கிறீர்களே?

ப: காரணம் இருக்கிறது. 1954இல் சிற்பங்களைப் பாதுகாக்கிறோம் என்று சிமெண்டுக் குழம்பு பூசினார்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது. கல் உலர்வதற்காக 1997இல் கட்டடத்துக்கு மேல் எஃகுக் கூரை போட்டார்கள். 2010இல் அதை எடுத்தாயிற்று. என் வரைவில் மட்டும் ‘தற்போது எஃகுக் கூரையின் கீழ் உள்ளது’ என்று அது இன்னும் நின்றுகொண்டிருந்தது! ஆண்டைப் போடுங்கள்.

கே: எங்கள் ஊர்க் குருசடி முந்நூறு வருசம் பழையது என்று பாட்டி சொல்வார். கட்டுரை எழுதலாமா அக்கா?

ப: பாட்டியை மேற்கோளாகத் தர முடியாது, அச்சில் வந்தது வேண்டும். மறைமாவட்ட வரலாறு, பழைய விழா மலர், நாளிதழ்ச் செய்தி என்று தேடுங்கள். விழா மலரில் தாராளமாக வயதைக் கூட்டியிருப்பார்கள், அதனால் அது ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். கல்வெட்டு இருந்தால், மயிலாப்பூர் லஸ் கோயிலுக்கு எழுதுவதுபோல் ‘1516இல் கட்டியதாகக் கல்வெட்டு கூறுகிறது’ என்ற நடையில் எழுதுங்கள். அப்புறம், கல்வெட்டை நீங்களே படம் எடுத்து விக்கியின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றுங்கள், இணையத்தில் கிடைத்ததை எடுத்துப் போடாதீர்கள். உச்சி வெயிலில் போகவேண்டாம், எழுத்து தெரியாது. சாயங்காலம் வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள்.