கடலைக் கெடுத்தால் ஜெயிலா, காசா?

கேள்வி: 2025 மே மாதம் கேரளக் கடலில் கப்பல் மூழ்கி, பிளாஸ்டிக் மணிகள் எங்கள் கரைவரை வந்து ஒதுங்கின. கேரள அரசு கோடிக்கணக்கில் நஷ்டஈடு கேட்கிறது. காசு இருக்கட்டும் அக்கா, கடலைக் கெடுத்தவர்களை ஜெயிலில் போடச் சட்டம் இல்லையா?
– மீனவர் ஒருவர், குளச்சல்

பதில்: தம்பி, அந்த மணிகளில் ஒரு பிடி என் மேஜையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. கரையைச் சுத்தம் செய்யப் போனபோது எடுத்து வந்தேன். பார்க்க ஜவ்வரிசிதான். ஈர மணலோடு கலந்துவிட்டால் பிரிக்கவே முடியாது. முறத்தில் புடைத்தோம், சல்லடையில் சலித்தோம். ஒரு சாக்கு நிரம்பப் பகல் முழுக்கப் போய்விட்டது. மறுநாள் காலையில் அதே இடத்தில் அலை மறுபடி கொண்டுவந்து கொட்டியிருந்தது. அன்றைக்கு எனக்கும் உங்கள் கேள்விதான் வந்தது.

சட்டம் இருக்கிறது. எம்.எஸ்.சி. எல்சா 3 லைபீரியக் கொடிக் கப்பல். 640 கன்டெய்னர்களோடு விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போகும் வழியில் மூழ்கியது. ஜூனில் ஃபோர்ட் கொச்சி கடலோரக் காவல் நிலையம் உரிமையாளர், கேப்டன், ஊழியர்கள் மீது வழக்குப் பதிந்தது. குற்றம் யாருடையது என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். நான் பார்ப்பது தண்டனையை. கப்பலை அஜாக்கிரதையாகச் செலுத்தியதற்கு, நம் நாட்டுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 282-வது பிரிவில் அதிகபட்சம் 6 மாதச் சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கேரளா கேட்கும் நஷ்டஈடோ 9,531 கோடி! அந்தப் பிரிவை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மனித உயிருக்கு ஆபத்து, மனிதருக்குக் காயம் என்றுதான் பேசுகிறது. கடலுக்கு வந்த கேடு அதில் ஒரு சொல்லாகக்கூட இல்லை. எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

அப்புறம் தூரம். கப்பல் மூழ்கிய இடம் கரையிலிருந்து 12 கடல் மைல் வரையான நம் கடல் எல்லைக்கு வெளியே. 1982-ல் உருவாகி, 1995-ல் இந்தியா ஏற்ற ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 97-வது பிரிவுப்படி, அங்கே நடக்கும் கப்பல் விபத்துக்குக் கேப்டன் மீது கிரிமினல் நடவடிக்கை எடுக்கும் உரிமை கொடி நாட்டுக்கு (கப்பல் பதிவான நாடு; இங்கே லைபீரியா), இல்லையென்றால் அவருடைய சொந்த நாட்டுக்கு. 230-வது பிரிவு இன்னும் கறார்: எல்லைக்கு வெளியே அந்நியக் கப்பல் கடலை மாசுபடுத்தினால் பண அபராதம் மட்டும்தான். எல்லைக்கு உள்ளே என்றாலும், வேண்டுமென்றே பெரிய கேடு செய்திருந்தால்தான் ஜெயில் பேச்சு வரும்.

இதை மாற்றத்தான் வனுவாட்டு, பிஜி, சமோவா ஆகிய 3 தீவு நாடுகள், சூழல் பேரழிப்பை இனப்படுகொலைக்கு நிகரான குற்றமாகச் சேர்க்கும்படி 2024 செப்டம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற உறுப்பு நாடுகளிடம் கேட்டன. இந்தியா அதில் உறுப்பினரே இல்லை. அதனால் நம் நாட்டுச் சட்டத்திலேயே இதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னும் மணி ஒதுங்கினால் தேதி, இடம் எழுதி, போட்டோ எடுத்து, மீன்வளத் துறையில் மனுவாகக் கொடுங்கள். சீல் போட்ட நகல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வி: ஜெயில் என்றால் கடைசியில் மாட்டுவது மாலுமிதானே? என் மகனும் கப்பலில் வேலை பார்க்கிறான். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: பயம் நியாயமானதுதான் அம்மா. எல்சாவிலிருந்து மீட்கப்பட்ட 24 பேரில் 20 பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள்; உங்கள் மகனைப் போலப் பிழைப்புக்காகக் கடலேறியவர்கள். கடலைக் காக்கும் சட்டம் கரையில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்களைத் தொட வேண்டும். ஐரோப்பிய யூனியன் 2024-ல் போட்ட சட்டத்தில் கடுமையான சூழல் குற்றம் செய்த கம்பெனிக்கு உச்ச அபராதம் அதன் உலக வருமானத்தில் 5 சதவீதமாவது, அல்லது 4 கோடி யூரோவாவது இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அது மாலுமியின் சம்பளத்திலிருந்து போகிற பணம் இல்லை.

மகனிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள். கப்பலில் பழுது எதையாவது கண்டால் வாயால் சொல்வதோடு விடாமல், மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும்.