கிளவுடுக்குப் போகும் அரசுப் பதிவேடுகள்: கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்கலாம்?

அரசுத் துறை ஒன்றில் நடுநிலை அதிகாரியாக இருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவருடைய அலுவலகத்தின் விண்ணப்பங்கள், ஸ்கேன் செய்த ஆவணங்கள், பணியாளர் பதிவேடுகள் எல்லாம் ஆறு மாதத்தில் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வேறொரு நிறுவனத்தின் கணினிகளில் சேமிக்கும் முறைக்கு, மாறப்போகின்றன. "பாதுகாப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எல்லாச் சான்றிதழும் இருக்கிறது" என்கிறது கிளவுட் நிறுவனம். "நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் கோப்பில் கையெழுத்து என்னுடையது. எதைக் கேட்பது?" என்று எழுதியிருக்கிறார்.

அவர்கள் சொல்வது பொய் இல்லை, ஆனால் பாதிதான். கட்டடம், மின்சாரம், வன்பொருள், நெட்வொர்க் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெரிய நிறுவனங்கள் அதை நம் அலுவலகத்து சர்வர் அறையைவிட நன்றாகவே செய்கின்றன, எனக்கு அதில் சந்தேகம் இல்லை. மீதிப் பாதி உங்களுடையது: எந்தக் கோப்பு யார் கண்ணில் படும், அட்மின் (எல்லாவற்றையும் மாற்றும் அதிகாரம் உள்ளவர்) யார், பேக்கப் (காப்பு நகல்) எங்கே, பழைய ஊழியரின் கணக்கை மூடினார்களா என்பதெல்லாம். ஒப்பந்தத்தை எடுத்து 'பொறுப்புப் பகிர்வு' என்ற பகுதியை நீங்களே ஒருமுறை படியுங்கள். சான்றிதழும் அப்படித்தான், அவர்களுடைய மையத்துக்கும் குறிப்பிட்ட சில சேவைகளுக்கும்தான் அது பொருந்தும், உங்கள் ஆட்கள் செய்யும் அமைப்புகளுக்குப் பொருந்தாது.

2017 ஜூனில் சுமார் 19.8 கோடி அமெரிக்க வாக்காளர்களின் விவரங்கள் அமேசான் கிளவுடில் பாஸ்வேர்டு கூட இல்லாமல் திறந்து கிடந்தன. அமேசானை யாரும் உடைக்கவில்லை. ஒரு அரசியல் கட்சிக்காக வேலை செய்த தரவு நிறுவனம் அந்தச் சேமிப்பிடத்தை வெளியாருக்கும் தெரியும்படி விட்டிருந்தது, முகவரி தெரிந்தவர் யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்ற நிலை. 2023 முதல் புதிய சேமிப்பிடங்களை அமேசான் தானாகவே மூடிய நிலையில்தான் தருகிறது, ஆனால் பழையவை பழையபடிதான் இருக்கும், புதியதையும் அவசரத்தில் யாராவது திறந்துவிடலாம். அதனால் முதல் கேள்வி: இந்த வாரம் வெளியாருக்குத் தெரியும்படி இருக்கிற சேமிப்பிடங்களின் பட்டியலைக் காட்டுங்கள். ஒன்றும் இல்லை என்று வாயால் சொன்னால் போதாது, திரையில் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது மூலக் கணக்கு. எல்லாவற்றையும் உருவாக்கவும் அழிக்கவும் அதிகாரம் உள்ள அந்த ஒரு கணக்கு யார் பெயரில் இருக்கிறது? ஒரு அலுவலகத்தில் நான் இதைக் கேட்டபோது பத்து நிமிடம் யாருக்கும் பதில் தெரியவில்லை. கடைசியில் தேடிப் பார்த்தால் பதிவான மின்னஞ்சல் ஒப்பந்ததாரரின் பொறியாளர் ஒருவருடையது, அவர் அங்கிருந்து விலகி இரண்டு வருடம் ஆகியிருந்தது, ஓடிபி அவருடைய சொந்த போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் நல்ல மனிதர், கேட்டதும் மாற்றிக்கொடுத்தார். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று நம்பி ஒரு துறையை நடத்த முடியாது. 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் கிளவுட் கட்டுப்பாட்டுத் திரைக்குள் நுழைந்தவன் பணம் கேட்டு மிரட்டினான், நிறுவனம் கணக்கை மீட்க முயல்வதைப் பார்த்ததும் தரவிலும் பேக்கப்பிலும் பெரும்பகுதியை அழித்தான். 12 மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது, அந்த நிறுவனம் மூடப்பட்டது.

எனவே மூலக் கணக்கு துறையின் பொது மின்னஞ்சலில், பதவியின் பெயரில் இருக்கட்டும். ஆள் மாறினாலும் பதவி மாறாது. ஓடிபிக்குப் பதிலாக கையில் பிடிக்கிற பாதுகாப்புச் சாவிகள் (உள்நுழையும்போது கணினியில் செருகும் சிறு கருவி) இரண்டு வாங்கி, ஒன்றை உங்கள் அலுவலகத்து இரும்புப் பெட்டியிலும் மற்றதை வேறொரு கட்டடத்திலும் வையுங்கள், எடுத்தால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று வையுங்கள். அன்றாட வேலைக்கு அந்தக் கணக்கைத் தொடவே கூடாது. ஒப்பந்ததாரருக்குத் தனிக் கணக்குகள், ஆளுக்கு ஒன்று, தேவையான அளவு அனுமதி, முடிவுத் தேதியுடன்.

சரி, இப்போது பேக்கப். இதில்தான் நான் நீளமாகப் பேசப்போகிறேன், ஏனென்றால் மற்ற எதில் தவறு நடந்தாலும் கடைசியில் உங்களைக் காப்பாற்றப்போவது இதுதான்.

2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜான் நகரில் அந்த அரசின் தரவு மையத்தில் தீப்பிடித்தது. மின்தடைக்காக வைத்திருந்த லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. 600க்கும் மேற்பட்ட அரசு இணையச் சேவைகள் நின்றன. அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டார்கள். ஆனால் ஜி-டிரைவ் என்ற சேமிப்பு, சுமார் 1,25,000 அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட், எரிந்துபோனது. அளவு மிகப் பெரிது என்பதால் வெளியே பேக்கப் எடுக்கவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். கோப்புகளை அலுவலகக் கணினியில் வைக்காதீர்கள், ஜி-டிரைவில் வையுங்கள் என்று அரசுதான் ஊழியர்களுக்குச் சொல்லியிருந்தது. சொன்னபடி செய்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள் என்பதை நினைத்தால் இன்னும் மனது கேட்கவில்லை.

இதே மாதிரி 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் ஒரு மையம் முழுவதும் எரிந்தது, பேக்கப் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். தீதான் வர வேண்டும் என்றும் இல்லை. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதி கூகுள் கிளவுடில் வைத்திருந்த அமைப்பு அழிந்துபோனது, காரணம் அதை அமைக்கும்போது ஒரு விவரத்தைக் காலியாக விட்டதால் ஓராண்டு கழித்துத் தானாக அழிய வேண்டும் என்று கணினி எடுத்துக்கொண்டது. வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த பேக்கப்பும் மீட்புக்குக் கைகொடுத்தது. அதனால் ஒரு நகலாவது வேறு ஊரில், வேறு கணக்கில், வேறு அட்மின் கையில் இருக்க வேண்டும், குறிப்பிட்ட நாள்வரை யாராலும் அழிக்க முடியாத பூட்டும் போட்டிருக்க வேண்டும். முடிந்தால் வேறு நிறுவனத்திடமே வையுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு மீட்டுப் பார்க்காமல் விட்டால் பயனில்லை. ஓர் ஒத்திகையில் நான் உடன் உட்கார்ந்திருந்தேன். காலை பத்து மணிக்கு வெற்று சர்வரில் தொடங்கினோம், மதியம் இரண்டரைக்கு விண்ணப்பப் பட்டியல் திரையில் வந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். அப்போது அங்கிருந்த உதவியாளர் அம்மா ஒருவர், "இதில் ஒன்றைத் திறந்து அந்த ஸ்கேன் காப்பியைக் காட்டுங்கள்" என்றார். கிளிக் செய்தால் வெள்ளைத் திரை. இன்னொன்று, அதுவும் வெள்ளை. தரவுத்தளத்தை மட்டும்தான் தினமும் பேக்கப் எடுத்திருக்கிறார்கள், ஸ்கேன் கோப்புகள் தனிச் சேமிப்பில் இருந்தன, அதை அட்டவணையில் சேர்க்கவே இல்லை. மூன்று வருடமாக 'பேக்கப் வெற்றி' என்று பச்சை நிறத்தில் தினமும் அறிக்கை வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா கேட்டிருக்காவிட்டால் அன்றும் பச்சையாகவே போயிருக்கும்.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், அதில் தினமும் அந்தக் கோப்புகளைக் கையாளும் ஊழியர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். தரவை வேறு யாரும் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பதுதான் என்கிரிப்ஷன், அதைத் திறக்கும் சாவியும் கூடவே மீள்கிறதா பாருங்கள். சாவி போனால் பேக்கப் இருந்தும் படிக்க முடியாது.

லாக் பற்றி, அதாவது யார் எப்போது என்ன செய்தார்கள் என்று கணினி எழுதிவைக்கும் பதிவு பற்றி, சுருக்கமாக. 2023 ஜூனில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் மின்னஞ்சல்களை யாரோ படிக்கிறார்கள் என்று மைக்ரோசாப்டுக்கு முன்பே கண்டுபிடித்தது அந்தத் துறைதான். மின்னஞ்சலைத் திறந்தால் பதிவாகும் ஒரு வகை லாக்கை அவர்கள் கூடுதல் கட்டணம் கட்டி வாங்கியிருந்தார்கள். கட்டாதவர்களுக்கு அந்தத் தடயமே கிடையாது. அதற்குப் பிறகுதான் மைக்ரோசாப்ட் இத்தகைய லாக்குகளைப் பலருக்கும் கூடுதல் கட்டணமின்றித் திறந்துவிட்டது. எனவே விலைப்பட்டியலில் எந்த லாக் சேர்ந்தது, எது தனிக்காசு, எத்தனை நாள் இருக்கும் என்று கேளுங்கள். அப்புறம், அதைப் படிக்கும் ஆள் யார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

தரவு நம் நாட்டுக்குள்ளேயே இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொன்னால் அதை மீற முடியாது, சரி. ஆனால் 2018இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, அந்த நாட்டு நிறுவனத்தின் கையில் உள்ள தரவு உலகில் எங்கிருந்தாலும் அந்த நாட்டு நீதிமன்ற ஆணைக்கு உட்பட்டதுதான். மறுபக்கம், உக்ரைனில் அரசுத் தரவு உள்நாட்டில்தான் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது, போர் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, 2022 பிப்ரவரி 17 அன்று, நாடாளுமன்றம் அதைத் தளர்த்தியது, அதன்பிறகுதான் பதிவேடுகளை வெளியே கொண்டுபோய்க் காப்பாற்ற முடிந்தது. எனவே இடத்தோடு நிறுத்தாமல், மிக ரகசியமான பகுதிக்கு என்கிரிப்ஷன் சாவியை உங்கள் துறையே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் அப்படிச் செய்யப் போனால் வேலை நகராது, அதனால் எது ரகசியம் என்று நீங்கள்தான் முதலில் பிரித்துத் தர வேண்டும்.

அந்தப் பிரிப்பு வேலைதான் உண்மையில் கிளவுடுக்குப் போகும் முன் செய்ய வேண்டியது, அதற்குக் கம்ப்யூட்டர் அறிவே வேண்டாம். எந்தப் பதிவேட்டை எத்தனை ஆண்டு வைக்க வேண்டும், எதைச் சட்டப்படி அழித்திருக்க வேண்டும், ஒரே மனிதரின் விவரம் எத்தனை இடத்தில் கிடக்கிறது என்பதெல்லாம் உங்கள் பதிவறைக்காரர்களுக்குத்தான் தெரியும். தேவையில்லாததை இங்கேயே விட்டுவிடுங்கள், எடுத்துப் போகாத தரவை கிளவுடிலிருந்து யாரும் திருட முடியாது. இன்னொன்று, மென்பொருளைச் சோதிக்க மக்களின் உண்மையான விவரங்களை நகல் எடுத்துக் கொடுக்காதீர்கள். சோதனை சர்வருக்குப் பல இடங்களில் சரியான பூட்டு இருப்பதில்லை, கசிவு அந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம்.

கடைசியாக, வெளியேறும் வழி. ஐந்து வருடம் கழித்து வேறு நிறுவனத்துக்கு மாற நேர்ந்தால் தரவை எந்த வடிவத்தில், எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் தருவார்கள், தந்தபின் தங்கள் நகல்களை அழித்ததற்கு என்ன சான்று தருவார்கள் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். இதைக் காகிதத்தில் எழுதி வாங்கினால் போதும் என்று விடாதீர்கள். நூறு மாதிரி விண்ணப்பங்களை இப்போதே உள்ளே ஏற்றச் சொல்லி, அதே நூறையும் ஆவணங்களோடு வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். அவர்களுடைய மென்பொருள் இல்லாத ஒரு சாதாரணக் கணினியில் அந்த நூறையும் உங்கள் ஊழியர் திறந்து படிக்கட்டும், நூறும் சரியாக வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.